கடல் நீராட்டும் காப்பும்

ஸ்ரீமுஷ்ணத்தில் பிறந்தவர்கள் எழுத்தறியுமுன்னரே கேட்டறியும் கதை ஒன்று உண்டு. இரணியாட்சன் பூமிதேவியைக் கவர்ந்து சென்று கடலின் ஆழத்தே மறைத்தான் என்பதும், திருமால் வராக உருவெடுத்து நீருள் பாய்ந்து அவளை மீட்டுக் கரையேற்றினார் என்பதும் அக்கதை. அந்தப் பூவராகப் பெருமாளே எங்கள் ஊரில் கோயில் கொண்டிருக்கிறார். நீரில் மூழ்கிய உலகத்தைத் தூக்கியெடுத்த தெய்வத்தின் ஊர், கடலுக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், வயல்களும் ஏரிகளும் சூழ, விருத்தாசலத்துக்கும் சிதம்பரத்துக்கும் இடையே அமைந்திருப்பது ஒரு வியப்பு. கடலை நாள்தோறும் காணும் பேறு எங்களுக்கு இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் பெருமாள் கடலைக் காணப் புறப்படுவார்.

மாசி மாதத்து மக நாளில் கிள்ளைக் கடற்கரையில் தீர்த்தவாரி நிகழ்கிறது. அதற்காகப் பெருமாள் பல நாட்களுக்கு முன்னரே ஊரை விட்டுப் புறப்பட்டு, வழியிலுள்ள சிற்றூர்களில் தங்கித் தங்கிச் செல்வார். கிள்ளையை அடையும்பொழுது அங்குள்ள தர்காவின் முன்னே இசுலாமியப் பெருமக்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வர். இரு சமயத்தாரும் ஒரு குடும்பத்தாராய்க் கலந்து நிற்கும் அந்தக் காட்சியைக் கண்டவர் மறவார். அதன்பின் திருவுலா முழுக்குத்துறை என்னும் கடற்கரையைச் சேரும். முழுக்கு என்றால் நீராடல். மக்கள் நீராடுவதற்கென்றே அமைந்த துறை என்பதை ஊரின் பெயரே உரைக்கிறது.

மாணவ மாணவியரே, அந்த முழுக்குத்துறையில் நான் ஒன்பதாம் வகுப்பு மாணவனாக இருந்தபோது நிகழ்ந்த ஒன்றே, இன்று இப்பொருளைப் பற்றி உங்கள்முன் பேச என்னைத் தூண்டிற்று. அதனைப் பின்னர்ச் சொல்வேன். தமிழர் நீரோடு ஆடிய வரலாறு எவ்வளவு பழமையானது என்பதையும், அந்த ஆட்டத்தில் இன்பமும் இடரும் எவ்வாறு எப்பொழுதும் உடன்பிறந்தே வந்தன என்பதையும் முதலில் காண்போம்.

சங்கப் பாடல்களைப் படிப்போர் புனலாட்டைப் பலவிடத்தும் காண்பர். வையையில் புதுவெள்ளம் வந்ததும் மதுரை மக்கள் திரண்டு சென்று நீராடியதைப் பரிபாடல் விரிவாக வருணிக்கிறது. புறநானூற்றில் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி ஏங்குகிறார். நீர்த்துறையின்மேல் தாழ்ந்து வளைந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்போர் திகைக்குமாறு ஆழ்ந்த மடுவில் குதித்து, அடி மணலை அள்ளிக்கொண்டு மேலெழுந்த காலத்தை அவர் நினைவுகூர்கிறார். தொடித்தலை விழுத்தண்டினார் என்று அப்புலவருக்குப் பெயர். கோலூன்றி நடக்கும் வயதில் அவர் மனம் நாடிச் சென்றது நீச்சலையே என்பது கருதத்தக்கது. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்றே ஒரு காதை அமைந்திருக்கிறது. புகார் நகரத்தில் இந்திர விழா நிறைவுற்றபின் மக்கள் கடலாடச் சென்றதை இளங்கோவடிகள் அதில் பாடியுள்ளார்.

ஆனால் அதே சங்க இலக்கியம் ஆட்டனத்தியின் கதையையும் நமக்குச் சொல்கிறது. ஆட்டனத்தி ஆடற்கலையில் வல்லவன். காவிரிக் கரையில் உள்ள கழார் என்னும் துறையில் புதுப்புனல் விழா நிகழ்ந்தபொழுது, நீரில் ஆடிய அவனைக் காவிரி வெள்ளம் அடித்துச் சென்றது. அவன் மனைவி ஆதிமந்தி, அவனைக் காணீரோ, காணீரோ என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராய் அலைந்தாள். மருதி என்னும் பெண் அவனை மீட்டு அவளிடம் காட்டியபின் தான் கடலுள் புகுந்து மறைந்தாள். இக்கதையைப் பரணர் முதலிய புலவர் மீண்டும் மீண்டும் குறிப்பிடுகின்றனர். ஆட்டனத்தி நீருக்குப் புதியவன் அல்லன், துறையறிந்தவன், உடல் வலிவும் உடையவன். அவனையே வெள்ளம் கொண்டு சென்றது. நீச்சல் அறிந்தவனுக்கு நீர் அடங்கிவிடும் என்று எண்ணுதல் தவறு என்னும் பாடம் நம் இலக்கியத்தில் அத்துணைப் பழமையாகவே இருக்கிறது.

இக்கதைக்கு உறவான ஒரு கதை மத்தியதரைக் கடல் நாடுகளில் வழங்குகிறது. இன்று டார்டனெல்சு எனப்படும் நீரிணைக்குப் பழங்காலத்தில் எல்லெசுபாந்து என்று பெயர். அதன் ஒரு கரையில் லியாந்தர் என்னும் இளைஞனும், மறு கரையில் ஈரோ என்னும் நங்கையும் வாழ்ந்தனர். அவள் கோபுரத்தில் ஏற்றி வைக்கும் விளக்கை நோக்கி, அவன் இரவுதோறும் நீந்திச் செல்வான். ஒரு குளிர்கால இரவில் காற்று விளக்கை அணைத்துவிட்டது. திசை தெரியாமல் அவன் அலைகளில் மாண்டான். காவிரிக்கு ஆட்டனத்தி எவ்வாறோ, அக்கடலுக்கு லியாந்தர் அவ்வாறே ஆனான்.

ஆங்கிலக் கவிஞர் பைரன் இக்கதை மெய்யாக இருக்க இயலுமா என்று ஆராய விரும்பினார். 1810-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் அந்த நீரிணையை அவரே நீந்திக் கடந்தார். உடன் ஒரு கடற்படை அதிகாரியும் நீந்தினார். கரைக்குக் கரை நேர்த்தூரம் ஏறத்தாழ ஒரு மைலே. ஆனால் நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துச் சென்றமையால் நான்கு மைலுக்கு மேல் செல்ல நேர்ந்தது என்று பைரன் கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரியும் தொலைவு வேறு, நீர் நம்மைக் கொண்டு செல்லும் தொலைவு வேறு என்னும் உண்மை இங்கே விளங்குகிறது.

விளையாட்டாகவும் வீரமாகவும் கடலை நீந்திக் கடக்கும் வழக்கம் அதன்பின் வளர்ந்தது. 1875-ஆம் ஆண்டு ஆகசுட்டு மாதத்தில் மாத்யூ வெப் என்னும் கப்பல் தலைவர் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்து உலகை வியப்பில் ஆழ்த்தினார். அந்தப் பெருவீரர் 1883-ஆம் ஆண்டு நயாகரா அருவிக்குக் கீழேயுள்ள நீர்ச்சுழல்களை நீந்திக் கடக்க முற்பட்டு உயிர் துறந்தார். வென்ற கடலைக் காட்டிலும் சிறிய நீர்ப்பரப்பே அவரை விழுங்கிற்று.

நம் நாட்டவரும் இவ்வரிசையில் பின்தங்கவில்லை. 1958-இல் மிகிர் சென் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1959-இல் ஆரதி சாகா என்னும் வங்க மங்கை ஆசியப் பெண்களுள் முதல்வராய் அதனைக் கடந்தார். 1966-ஆம் ஆண்டில் மிகிர் சென் பாக்கு நீரிணை, சிப்ரால்டர், டார்டனெல்சு, பாசுபரசு, பனாமாக் கால்வாய் ஆகிய ஐந்தையும் ஒரே ஆண்டில் நீந்தி முடித்தார். லியாந்தர் மாண்ட நீரிணையை வங்கத்தார் ஒருவர் வென்ற ஆண்டு அது. 1994-இல் தமிழ்நாட்டுச் சிறுவர் குற்றாலீசுவரன், பதின்மூன்று வயது நிரம்பாத பருவத்திலேயே, ஓராண்டில் ஆறு நீர்வழிகளைக் கடந்து அச்சாதனையை விஞ்சினார்.

ஈழத்தமிழர் புகழையும் இங்கே கூறாமலிருத்தல் ஆகாது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி, 1954-ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரை ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்தார். வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தன் 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுசுகோடிக்கும் மீண்டும் தலைமன்னாருக்குமாக 51 மணி நேரம் நீந்தினார். அத்துணை ஆற்றல் படைத்த அவரே 1984-ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். இவர்களில் எவரும் தனியே கடலில் இறங்கியவர் அல்லர். படகு உடன் வரும். காற்றும் நீரோட்டமும் கணிக்கப்படும். உணவு தருவோரும் வழி காட்டுவோரும் அருகிலேயே இருப்பர். மிகிர் சென் பாக்கு நீரிணையை நீந்தியபொழுது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணை சென்றன. துணிவின் பின்னே இத்துணை ஏற்பாடு மறைந்திருப்பதை நாம் காண்பதில்லை. வெற்றியை மட்டும் கண்டு கைதட்டுகிறோம்.

இனி நம் சொந்தக் கரைக்கு வருவோம். சோழமண்டலக் கரை, மத்தியதரைக் கடலின் கரைகளைப் போன்றது அன்று. அங்கே நிலம் சூழ்ந்த கடல். ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலான இடங்களில் ஒரு முழத்துக்கும் குறைவு. கோடையில் பல துறைகள் குளம்போல் அமைந்திருக்கும். ஆயினும் காற்று வீசும் நாளில் அங்கும் உயிர்ச்சேதம் உண்டு. இங்கே வங்காள விரிகுடா, தென்கோடியிலிருந்து தடையின்றி உருண்டு வரும் அலைகளை நேரே கரையில் மோதவிடுகிறது. சென்னையில் துறைமுகம் கட்டப்படாத காலத்தில் இந்த அலைகளே பெருந்தடையாக இருந்தன. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மக்களையும் பண்டங்களையும் மசூலாப் படகுகள் கரை சேர்க்கும். அப்படகின் பலகைகளை ஆணியால் அறைவதில்லை; தென்னங்கயிற்றால் தைப்பார்கள். அலை மோதும்பொழுது உடையாமல் வளைந்து கொடுப்பதற்காகவே அவ்வாறு செய்தனர்.

அப்படகுகள் அலைகளைத் தாண்டும்போது, கட்டுமரத்தில் மீனவர்கள் உடன் வருவது வழக்கம். படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தோரைத் தூக்கியெடுப்பது அவர்கள் கடமை. உயிர் காத்தவர்களுக்குப் பதக்கம் அளிக்கும் வழக்கமும் இருந்தது. உயிர்காப்போர் என்ற பெயரோடு வேலைக்கு ஆள் அமர்த்துவது அண்மைக் காலத்து ஏற்பாடு என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்னரே, கட்டுமரத்தில் முழந்தாளிட்டு அலைகளிடையே காத்திருந்த நம் மீனவர்கள் அப்பணியைச் செய்துவந்தனர். உலக மொழிகள் பலவற்றில் இன்று கட்டுமரம் என்னும் நம் சொல்லே சிறிது திரிந்து வழங்குகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1875-க்குப் பின் சென்னைத் துறைமுகம் எழுந்தது. கடலுள் நீண்ட அதன் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணலைத் தடுத்து நிறுத்தின. தெற்கே மணல் குவிந்து பரந்த வெளியாயிற்று. வடக்கே இராயபுரம் முதலிய இடங்களில் கடல் கரையை அரித்தது. தெற்கே குவிந்த அம்மணற்பரப்பின் ஓரத்தில் 1884-ஆம் ஆண்டு ஆளுநர் கிராண்டு டப் ஓர் உலாச்சாலை அமைத்தார். மத்தியதரைக் கடலில் உள்ள சிசிலித் தீவின் நினைவாக அதற்கு மரீனா என்று பெயரிட்டார். அவர் சிசிலியிலிருந்து பெயரைக் கொண்டுவந்தார். அமைதியான நீரைக் கொண்டுவர அவரால் இயலவில்லை. மரீனாவில் குளிக்க இறங்கி உயிரிழந்த இளைஞரைப் பற்றிய செய்தி நாளிதழ்களில் இன்றும் வந்துகொண்டே இருக்கிறது. பெயரைக் கேட்டு மயங்காமல், நீரைக் கண்டு அறிதல் வேண்டும்.

நீரைக் கண்டு அறிவது எவ்வாறு? அலைகள் ஓயாமல் கரைக்கு நீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன. சேர்ந்த நீர் எவ்வழியேனும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் மணல் திட்டுகள் இருக்கும். அத்திட்டுகளிடையே தாழ்ந்த இடைவெளி எங்கு உண்டோ, அவ்வழியே நீரெல்லாம் திரண்டு, குறுகிய ஓர் ஆறுபோலக் கடலை நோக்கி ஓடும். இதுவே இழுப்பு நீரோட்டம். இதன் வேகம் சில வேளைகளில் நொடிக்கு இரண்டு மீட்டரையும் எட்டும். ஒலிம்பிக்கு வீரரும் எதிர்த்து நீந்த இயலாத வேகம் அது. இதில் ஒரு மாயமும் உண்டு. இருபுறமும் அலைகள் நுரைத்து உடையும்போது, இவ்விடத்தில் மட்டும் அலை குறைந்து நீர் அமைதியாகத் தோன்றும். நிறமும் சற்றுக் கருமையாகவோ மணல் கலங்கியோ இருக்கும். அறியாதவர், இங்கே அலை இல்லை, குளிக்க நல்ல இடம் என்று எண்ணி அங்கேயே இறங்குவர்.

இந்நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, தொலைவுக்கு இழுக்கிறது. இவ்வேறுபாட்டை நன்கு நினைவில் இருத்துங்கள். மாண்டவர்களுள் பெரும்பாலோர், கரையை நோக்கி நேராக நீந்திப் போராடிக் களைத்து மூழ்கியவர்களே. அச்சமுற்றுக் கைகால்களை வீசாமல் மல்லாந்து மிதத்தல் வேண்டும். ஒரு கையை உயர்த்தி உதவி கேட்டல் வேண்டும். நீந்த வலிமை இருந்தால் கரையை நோக்காமல், கரையை ஒட்டிய திசையில் பக்கவாட்டாக நீந்தி, அலை உடையும் இடத்தை அடைந்து, அவ்வலைகளின் துணையோடு கரைக்குத் திரும்புதல் வேண்டும். நீரோட்டத்தின் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டரே. அதன் வலிமையும் திட்டுகளைக் கடந்ததும் தளர்ந்துவிடும்.

இந்த அறிவு அன்று எனக்கு இல்லை. இப்பொழுது அந்நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ச் சிறுவர்கள் நீச்சல் பழகுவது கிணற்றிலும் ஏரியிலும். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டியோ, காய்ந்த முள்முருங்கைக் கட்டையைத் தழுவியோ முதலில் மிதக்கப் பழகுவோம். கட்டை வேண்டாம் என்று தூக்கியெறியும் நாள் எங்களுக்குத் திருநாள். கிணற்றின் மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்வதில் நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் போட்டியிடுவோம். அவன் என்னினும் வல்லவன். அந்த ஆண்டு மாசி மகத்துக்குப் பெருமாளைப் பின்தொடர்ந்து நாங்கள் இருவரும் கிள்ளைக்குச் சென்றோம். இருவரும் கடலைக் கண்டது அதுவே முதல் முறை.

மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவது. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று ஈர்ப்பதால் ஓதம் மிகுந்து ஏறும்; மிகுந்து இறங்கும். முழுக்குத்துறைக்கு வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கின்றன. இடையே பிச்சாவரத்துக் கழிகள் கிளைத்துக் கிடக்கின்றன. ஓதம் வடியும்பொழுது கழிமுகங்களில் நீர் கடலை நோக்கி விசையோடு பாயும். ஆகவே மக்கள் கடலில் மிகுதியாக இறங்கும் நாளே, நீரின் ஏற்ற இறக்கம் மிகுந்திருக்கும் நாளாகவும் அமைகிறது. இதனை அங்குள்ள மீனவர் அனைவரும் அறிவர். கரையில் நின்ற முதியவர் ஒருவர், கூட்டத்தை விட்டு அப்பால் போகாதீர்கள் தம்பி என்று எங்களைத் தடுத்தார். கிணற்றில் பாய்ந்த செருக்கு எங்கள் காதை அடைத்திருந்தது.

கூட்டத்தை விட்டு விலகி, அலை குறைந்து தோன்றிய ஓர் இடத்தில் நான் முதலில் இறங்கினேன். இடுப்பளவு நீர்தான். ஒரு கணத்தில் காலடி மணல் நழுவிற்று. திரும்பிப் பார்த்தபோது கரை எட்டாத தொலைவில் இருந்தது. நான் கதறினேன். என் தோழன் ஒரு நொடியும் தயங்கவில்லை. என்னை நோக்கிப் பாய்ந்து வந்தான். அவனைக் கண்டதும் நான் செய்தது என்ன? அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். மூழ்குபவன் எவனும் அதைத்தான் செய்வான். இருவரும் நீரைக் குடித்தோம். எப்படியோ அவன் என் பிடியிலிருந்து விலகினான். அப்பொழுது படகிலிருந்து வீசப்பட்ட ஒரு கயிறு என் தோளில் விழுந்தது. அதைப் பற்றிக்கொண்டேன். என்னைத் தடுத்த அதே முதியவரின் மகன்தான் அக்கயிற்றை வீசியவர் என்று பின்னர் அறிந்தேன். என் தோழனுக்கு வேறொரு கயிறு வீசினார்கள். அதைப் பற்ற அவன் நீரின்மேல் இல்லை.

அவனைக் கரைக்குக் கொணர்ந்தபோது, கூடி நின்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். ஒருவர் தலைகீழாகத் தூக்கித் தோளில் போட்டுச் சுழற்றினார். வேறொருவர் வயிற்றை அழுத்தினார். உள்ளே போன நீரை வெளியேற்றினால் உயிர் மீளும் என்று அவர்கள் நம்பினார்கள். அன்பினால் செய்தார்கள், அவர்களைக் குறை கூறேன். ஆனால் அந்த மணித்துளிகளில் அவனுக்குத் தேவையாய் இருந்தது மூச்சு.

நீரில் மூழ்கியவரை மீட்கும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1767-ஆம் ஆண்டு ஆம்சுடர்டாம் நகரில், மூழ்கியோரைக் காப்பதற்கென்று ஒரு கழகம் தோன்றியது. 1774-இல் இலண்டனிலும் அத்தகைய கழகம் அமைந்தது. அக்காலத்தில் மூழ்கியவரைப் பீப்பாயின்மேல் உருட்டும் முறையும் கையாளப்பட்டது. பின்னர்க் கைகளை உயர்த்தித் தாழ்த்தியும், முதுகை அழுத்தியும் மூச்சை வரவழைக்கும் முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1950-களில் எலாம், சேபர் ஆகிய மருத்துவர்கள் வாயோடு வாய் வைத்து ஊதுவதே இவற்றைக் காட்டிலும் சிறந்தது என்று மெய்ப்பித்தனர். 1960-இல் மார்பை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காக்கும் முறை வெளியிடப்பட்டது. இவ்விரண்டும் இணைந்ததே இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் முதலுதவி. மூழ்கியவர் மூச்சின்றி இருந்தால் நீரை வெளியேற்ற முயன்று நேரத்தை வீணாக்காமல், உடனே செயற்கை மூச்சளித்து மார்பை அழுத்தத் தொடங்குதல் வேண்டும். 108 என்னும் எண்ணுக்குச் செய்தி சொல்ல வேறொருவரை ஏவுதல் வேண்டும். இதனை முறையாகக் கற்றுக்கொள்ளச் சில மணி நேரமே போதும். பள்ளியிலும் கல்லூரியிலும் நீங்கள் கேட்டுப் பெறவேண்டிய கல்வி இது.

காப்பதற்கும் ஒரு நெறி உண்டு. 1891-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உயிர்காப்புக் கழகம் தோன்றியது முதல் வளர்ந்து வந்த அறிவின் சாரம் இது: முதலில் கோலையோ துணியையோ நீட்டு, எட்டாவிட்டால் மிதக்கும் பொருளை வீசு, அதுவும் இயலாவிட்டால் படகில் செல், பயிற்சி பெறாதவன் நீரில் பாயாதே. காப்பாற்றச் சென்றவரே மாண்டுபோகும் நிகழ்ச்சிகள் எந்நாட்டிலும் மிகுதி. என் தோழன் பாயாமல் கரையில் நின்று கூவியிருந்தால், ஒரு மேல்துண்டையேனும் முறுக்கி வீசியிருந்தால், ஒரு வெற்றுக் குடத்தை மிதக்க விட்டிருந்தால் என்று நான் எண்ணாத மாசி மாதம் இல்லை. அவன் அன்பில் குறைவில்லை; எங்கள் அறிவில்தான் குறைவு.

ஆசுத்திரேலியாவின் பாண்டைக் கடற்கரையில் 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த பேரலைகள், மணல் திட்டில் நின்று நீராடிய மக்களை ஆழத்துக்கு அடித்துச் சென்றன. ஐவர் மாண்டனர். இருநூற்றுக்கு மேற்பட்டோர் அன்று மீட்கப்பட்டனர். பயிற்சி பெற்ற தொண்டர்கள் கயிறும் மிதவையுமாகக் கரையிலேயே ஆயத்தமாக இருந்ததே அதற்குக் காரணம். கடல் ஒன்றே, ஏற்பாடுதான் வேறு. இன்று பல நாட்டுக் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளை நட்டு, அவற்றினிடையே மட்டும் நீராடச் செய்கின்றனர். சிவப்புக் கொடி தனித்துப் பறந்தால் இறங்கலாகாது என்பது பொருள். கொடி இல்லாத கரையில் மீனவரின் சொல்லே கொடி.

இக்கரை மற்றொரு பாடத்தையும் கற்றிருக்கிறது. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கிள்ளைப் பகுதிச் சிற்றூர்களைத் தாக்கியது. கடலை நேரே நோக்கியிருந்த குடியிருப்புகள் சில அழிந்தன. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளின் பின்னே இருந்த ஊர்கள் பெருஞ்சேதத்திலிருந்து தப்பின என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். கடல் இயல்புக்கு மாறாக உள்வாங்கினாலும் பொங்கினாலும் வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி விரைய வேண்டும் என்பதை அன்று நாம் பெருவிலை கொடுத்துக் கற்றோம்.

உலக நாடுகள் மன்றம் 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் சூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. அதே 2021-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நம்மைப் போன்ற, செல்வம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். குழந்தைகளும் இளைஞர்களும் மிகப் பலர்.

இதனால் கடலை விட்டு ஓடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கடலாடாத தமிழன், தன் முன்னோர் பெற்ற இன்பங்களுள் பெரிய ஒன்றை இழந்தவன். நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், ஆணும் பெண்ணும் கற்றுக்கொள்ளுங்கள். குளத்து நீச்சல் வேறு, கடல் நீச்சல் வேறு என்பதை மறவாதீர்கள். தனியே இறங்காதீர்கள், இருட்டில் இறங்காதீர்கள், வயிறு நிறைய உண்டபின்னும், மது அருந்தியவரோடும் இறங்காதீர்கள். இறங்குமுன் கால் நாழிகை கரையில் நின்று அலையைப் பாருங்கள். அவ்வூர் மீனவரிடம் ஒரு சொல் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

இன்றும் நான் மாசி மகத்துக்கு முழுக்குத்துறை செல்கிறேன். பெருமாளுக்குத் தீர்த்தவாரி நடக்கும். மக்கள் திரளாக நீரில் இறங்குவர். நான் முழங்காலளவு நீரில் நின்று தலையில் நீரைத் தெளித்துக்கொள்கிறேன். கையில் ஒரு நீண்ட கயிற்றுச் சுருளை வைத்திருப்பேன். அதன் நுனியில், நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் இடுப்பில் கட்டியதைப் போன்ற ஒரு சுரைக்குடுக்கை கட்டியிருக்கும். அறியாதவர் கண்டு சிரிப்பதுண்டு. அலை குறைந்து தோன்றும் இடத்தை நோக்கிச் சிறுவர் எவரேனும் நடந்தால், கூட்டத்தை விட்டு அப்பால் போகாதே தம்பி என்று நானும் சொல்வேன். சிலர் கேட்கிறார்கள். கேளாதவர்களுக்காகவே கயிறு.